புதுப்பிப்பு: கூட்டத்துக்கு வராத பெற்றோரை வகுப்பு வேலைகளில் சேர்ப்பது

நான் பாடம் எடுக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டாரை எப்படி ஈடுபடுத்துவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், பதில் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி. பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கையைச் சுருக்கியதில் பெரிய மாற்றமில்லை. கைகொடுத்தது "வீட்டில் கேட்டு வா" யோசனைதான்: வாரம் ஒரு கேள்வி, பிள்ளை வீட்டில் கேட்டு மறுநாள் வகுப்பில் சொன்னால் போதும், எழுத வேண்டியதில்லை என்பதால் படிக்கத் தெரியாத பெரியவர்களும் தயங்காமல் சேர்ந்துகொண்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று. சின்ன வயது விளையாட்டைப் பற்றிக் கேட்டதும் ஒரு பாட்டி நேரிலேயே வந்து, தரையில் உட்கார்ந்து கூழாங்கற்களைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் காட்டினார். வகுப்பில் வாயே திறக்காத அவர் பேத்திதான் மற்றவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள்!

அப்புறம், கேள்வியில் "அப்பாவிடம்", "அம்மாவிடம்" வேண்டாம், "வீட்டில் யாரிடமாவது" என்றே வையுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் இருவரும் கூட இருப்பதில்லை.