பண்ணைக்கு ஒரு துப்பாக்கி வேண்டும்: விலை குறைவாக, நெடுநாள் உழைப்பதாக எதை வாங்குவது?

கேட்டவர்:
எல்லோருக்கும் வணக்கம். மனைவி, 3 வயது மகளுடன் இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒருவருடைய பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீடும் பண்ணைக்குள்ளேயே இருக்கிறது. போன வாரம் 7 கோழிகள், நேற்று இரவு 11. விடியற்காலை கூட்டுக்குப் போனால் வாசலில் இறகுதான் குவிந்து கிடக்கிறது. "ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார். கையில் பணம் குறைவு. அடிக்கடி வாங்கக்கூடிய பொருளும் இல்லை. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். எந்தத் துப்பாக்கி என்று மட்டும் சொல்லுங்கள். இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. தயவுசெய்து சீக்கிரம்.

பதில், கனடாவிலிருந்து:
தம்பி, முதல் வருடத்திலேயே பண்ணை வேலையை ஏன் தலையில் ஏற்றிக்கொண்டீர்கள்? நான் வந்த முதல் குளிர்காலம் ஒரு பால் பண்ணையில் போனது. காலை நாலரை மணிக்குத் தொழுவம், கையுறைக்குள் விரல் மரத்துப்போகும், ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. இரவில் அழுதிருக்கிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர்களோடு வேலை செய்தேன், ஆனால் நான் வாங்கவில்லை. வேலியைச் சரிசெய்தேன். கம்பி வலையை மண்ணுக்குள் ஒரு முழம் இறக்கிக் கட்டினேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மின்வேலிக் கம்பி ஒன்று ஓட்டினேன். தோண்ட வரும் விலங்கு முதலில் மூக்கைத்தான் நீட்டும். ஒருமுறை அடி வாங்கினால் மறுபடி வராது. துப்பாக்கியை மறந்துவிட்டு முதலில் வேலியைப் பாருங்கள். வேறு நல்ல வேலை தேடுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பதில், நியூசிலாந்திலிருந்து:
வேலி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது துப்பாக்கி. பாயிண்ட் 22 ரைபிள் ஒன்று போதும், அதாவது 0.22 அங்குலச் சிறு தோட்டா போடுவது. தோட்டா மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதைக்காது, புதிதாகப் பழகுபவருக்கு அதைவிட நல்லது கிடையாது. இங்கே 2019க்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் வகை, பெரும்பாலும் தடைசெய்யப்பட்டுவிட்டது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளாத பாயிண்ட் 22க்கு விலக்கு உண்டு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். முயல் தொல்லை இந்த நாட்டில் எப்படி என்று வந்து பார்த்தால்தான் தெரியும். ஒரே மாலையில் முப்பது முயல் சுட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

பதில்:
கண்ணை மூடிக்கொண்டு எந்தத் துப்பாக்கியையும் வாங்கக் கூடாது. பாயிண்ட் 22 சிறிய தோட்டா என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைத்துவிடுகிறார்கள். குறி தவறினால் அது ஒன்றரை கிலோமீட்டர் வரைகூடப் போகும். பாறையிலோ தண்ணீரிலோ காய்ந்த தரையிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும். வீட்டில் குழந்தை இருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். கோழிக்கூட்டுப் பக்கம் சுடுவதற்கு 12 போர் ஒற்றைக்குழல் ஷாட்கன்தான் சரி. ரவைகள் சிதறிப் போகும், சுமார் 30 மீட்டர் வரைதான் நம்பி வேலை செய்யும், அதற்கு அப்பால் வேகம் குறையும், ஆனாலும் சில நூறு மீட்டர் வரை போய்த்தான் விழும். நடுவில் மடித்துத் திறக்கும் வகையில் உடைவதற்கு உறுப்புகளே குறைவு. என்னிடம் இருப்பது என்னைவிட வயதில் மூத்தது. இன்றும் ஒரு குறை இல்லை.

பதில், இங்கிலாந்திலிருந்து:
இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிள் வாங்குங்கள். இங்கே 12 அடி-பவுண்டுக்குக் குறைவான ஆற்றலுள்ள ஏர் ரைபிளுக்குச் சான்றிதழே தேவையில்லை. ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து உரிமம் வேண்டும். எலி, புறா என்றால் அது தாராளமாகப் போதும்.

பதில்:
11 கோழியை ஒரே இரவில் கொன்றது எலியா, நண்பரே? எந்த நாடு, எந்த விலங்கு என்று தெரியாமலேயே எல்லோரும் அவரவர் வீட்டுத் துப்பாக்கியைச் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறோம்.

பதில், கனடாவிலிருந்து இன்னொருவர்:
உரிமம் என்றதும் வயிறு எரிகிறது. பாதுகாப்புப் பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, விண்ணப்பம் போட்ட பிறகு, முதல்முறை என்பதால் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு மாதக்கணக்கில் இழுத்தது. நம்மைத் தெரிந்தவர்கள் சான்று சொல்ல வேண்டுமாம். வந்து ஆறு மாதம் ஆனவனுக்கு யாரைத் தெரியும்? வாரம் ஒருமுறை பேசிக்கொள்ளும் மனிதரிடம் போய்க் கையெழுத்துக் கேட்க எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா?

பதில்:
உரிமம் கிடைத்தாலும் நிம்மதி கிடையாது. துப்பாக்கி வைக்கும் பெட்டகத்தைச் சுவரில் போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும் என்றால் வாடகை வீட்டுக்காரர் சுவரில் ஓட்டை போடவே விடமாட்டார். நான் மூன்று வீடு மாறினேன். நம்மவர்களில் எத்தனையோ பேர் இதையெல்லாம் கடந்து வந்திருக்கிறார்கள். ஒருவராவது புதிதாக வருபவருக்கு விவரமாக எழுதி வைத்திருக்கிறார்களா? எல்லோரும் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பதில், அமெரிக்காவிலிருந்து:
மனக்குறையைப் பிறகு பேசலாம். தம்பி, நீங்கள் அமெரிக்காவில் இருந்தால் முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். மாணவர் விசா, எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. முதலாளி சொன்னார் என்பதற்காகக் கையில் வாங்கிவிட்டால், பிடிபடும்போது முதலாளி கூட வரமாட்டார். எந்த நாடு, எந்த விசா, எந்த விலங்கு? இந்த மூன்றையும் எழுதுங்கள்.

கேட்டவர்:
மன்னிக்கவும், பதற்றத்தில் எதையும் சரியாக எழுதவில்லை. ஆஸ்திரேலியா. நிரந்தர வதிவிட விசாவில்தான் வந்தோம். விலங்கு நரிதான். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து கால்தடத்தைப் பார்த்துச் சொன்னார். சில கோழிகளின் தலை மட்டும் இல்லை, நாலைந்தை முழுசாகவே கொண்டுபோய்விட்டது. பகலில் முயலும் நிறைய. முதலாளி தன் துப்பாக்கியையே இரவலாகத் தருகிறேன் என்றும் சொல்கிறார்.

பதில், ஆஸ்திரேலியாவிலிருந்து:
தம்பி, நான் பதினாறு வருடமாக இங்கே ஆடு வளர்க்கிறேன். சனிக்கிழமை கடைக்குப் போக வேண்டாம். உரிமம் இல்லாமல் அந்த இரவல் துப்பாக்கியைத் தொடவும் வேண்டாம். உங்கள் மீதும் வழக்கு வரும், அவர் மீதும் வரும்.

1996ஆம் ஆண்டு மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து செய்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே துப்பாக்கிகள் வகை பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஏர் ரைபிள், பாயிண்ட் 22, மடித்துத் திறக்கும் ஷாட்கன் எல்லாம் ஏ வகை. ஆக, ஏர் ரைபிளுக்கும் இங்கே உரிமம் வேண்டும். 223 போன்ற, வலிமை கூடிய சென்டர்பயர் தோட்டா போடும் போல்ட் ரைபிள் (கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) பி வகை. நியூசிலாந்து நண்பர் சொன்ன செமி ஆட்டோமேட்டிக் பாயிண்ட் 22 இங்கே சி வகை, புதியவருக்குக் கிடைப்பது கடினம். உரிமம் தருவது மாநிலப் போலீஸ். எதற்காக என்று கேட்பார்கள். பண்ணையில் தொல்லை விலங்குகளைக் கட்டுப்படுத்துவது ஏற்கத்தக்க காரணம். தற்காப்புக்கு என்று ஒருபோதும் எழுதாதீர்கள், அது காரணமாகாது. முதலாளியிடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஏ, பி இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். உரிமம் வந்த பிறகும் வாங்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி அனுமதி தேவை.

எது என்று கேட்டீர்கள். சாதாரண பாயிண்ட் 22 முயலுக்குச் சரி. நரிக்கு 50 மீட்டருக்கு மேல் அதை நம்பாதீர்கள், காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். 22 மேக்னம், அதாவது அதே அளவில் விசை கூடிய தோட்டா, சரியான இடத்தில் பட்டால் 100 மீட்டர் வரை நரியை ஒரே தோட்டாவில் வீழ்த்தும், முயலுக்கும் ஆகும், ஏ வகையிலேயே அடங்கும். தோட்டா விலை சற்றுக் கூடுதல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போல்ட் ரைபிளில் 22 மேக்னம் என்பேன். ஷாட்கன் சொன்னவரையும் தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் 30 மீட்டருக்குள் நரி உங்களுக்காகக் காத்திருக்காது.

பழையது வாங்கத் தயங்காதீர்கள். கடைக்காரரை போல்ட்டைக் கழற்றித் தரச் சொல்லி, குழலின் பின்பக்கம் கண்ணை வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே முறுக்காக ஓடும் வரிகள் பளபளவென்று கூர்மையாகத் தெரிய வேண்டும். கருப்புப் புள்ளிகளாகக் குழி தெரிந்தால் அது துரு தின்ற குழல், வைத்துவிட்டு வாருங்கள். குழலின் வாய் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு ஏதும் தட்டுப்பட்டால் குறி சிதறும். துருப்பிடிக்காத எஃகுக் குழல், தோளில் வைக்கும் கட்டை பிளாஸ்டிக் என்றால் மழைக்கும் பனிக்கும் கவலை இல்லை. மரக்கட்டை ஈரத்தில் உப்பும். மிச்சம் பிடித்த பணத்தை ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) போடுங்கள். மட்டமான ஸ்கோப் நாலு குலுக்கலில் குறி மாறிவிடும்.

பல மாநிலங்களில், பெட்டகம் வெறுமையாக 150 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் தரையிலோ சுவரிலோ பிணைக்க வேண்டும். தோட்டா தனிப் பூட்டில். சாவி மகளுக்கு எட்டாத இடத்தில் அல்ல, உங்கள் உடம்போடு.

இரவில் விளக்கு அடித்தால் கண் மின்னும். ஆட்டுக்குட்டிக்கும் மின்னும், பக்கத்து வீட்டு நாய்க்கும் மின்னும். முழு உடலும் தெரியாமல் விசையைத் தொடாதீர்கள். குண்டு போகும் திசையில் மண்மேடு இருக்க வேண்டும். மேட்டு விளிம்பில் வானம் பின்னணியாக நிற்கும் நரியை விட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். அதுவரை கனடா அண்ணன் சொன்ன வேலிதான் உங்கள் கோழியைக் காப்பாற்றும். இன்றே பொழுது சாய்வதற்குள் கூட்டின் கதவைச் சாத்துங்கள், கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தாலும் பலகை அடித்து மூடுங்கள். கால்தடம் பார்த்துச் சொன்ன பக்கத்துப் பண்ணைக்காரருக்கு உரிமம் இருக்கும். முதலாளியின் அனுமதியோடு வந்து அந்த நரியைச் சுட முடியுமா என்று கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி அக்கா, நன்றி அண்ணா. பலகை அடித்துவிட்டேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வியாழக்கிழமை இரவு வருகிறேன் என்றார். உரிம விண்ணப்பத்தில் முதலாளியின் கடிதம் எந்த வாசகத்தில் இருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பதில், ஆஸ்திரேலியாவிலிருந்து:
பண்ணையின் முகவரி, பரப்பளவு, எந்த விலங்குகள், நீங்கள் அங்கே வேலை செய்வது, சுட அனுமதிப்பது, முதலாளியின் கையெழுத்து, தேதி. அவ்வளவுதான். உங்கள் மாநிலப் போலீஸ் தளத்தில் அதற்குப் படிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதையே நிரப்பச் சொல்லுங்கள்.