சைட் மேனேஜர் போட வேண்டும், சம்பளம் எவ்வளவு? என்ன வேலை கொடுக்கலாம்? (அவசரம்)

கடைசிபெஞ்ச் · செவ்வாய், இரவு 11:48

வணக்கம். வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் ஒருவரைப் போடலாம் என்று யோசனை. மாதம் எவ்வளவு கொடுக்கலாம்? அவர் பொறுப்பில் என்னென்ன விட வேண்டும் என்று யாராவது லிஸ்ட் வைத்திருந்தால் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பேச வருகிறார், அதற்குள் வேண்டும். மேஸ்திரியோடு கொஞ்சம் பிரச்சினை, அதனால்தான். நன்றி.

செங்கல்சூளை · புதன், காலை 6:20

எந்த ஊர்? எத்தனை சதுர அடி? வேலை எதுவரை வந்திருக்கிறது? லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடு சேர்த்தா? இது ஒன்றும் சொல்லாமல் சம்பளம் மட்டும் கேட்டால் எப்படி? மளிகைக் கடையில் போய் "ஒரு பை எவ்வளவு" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

கேமராக்கண் · புதன், காலை 7:05

மேனேஜரே வேண்டாம். இரண்டு கேமரா, ஒரு சிம், கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி. என் வீட்டை முழுக்க அப்படித்தான் கட்டினேன். மூட்டை இறங்குவது, ஆள் வருவது, போவது எல்லாம் போனில் தெரியும். கேமராவுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கமிஷனும் கேட்காது.

மேஸ்திரிமகன் · புதன், காலை 7:31

கேமராவில் கம்பி 8 எம்எம்மா 10 எம்எம்மா என்று தெரியுமா அண்ணே?

கேட்டவருக்கு: "கொஞ்சம் பிரச்சினை" என்றால் என்ன? பணமா, வேலையா, பேச்சா? அப்பா முப்பது வருடம் மேஸ்திரி. ஓனர் எங்கோ இருந்துகொண்டு திடீரென்று ஒரு பேண்ட் சட்டைக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினால் எந்த மேஸ்திரிக்கும் கோபம் வரும். உட்கார்ந்து பேசினாலே பாதி தீரும். அந்தச் சம்பளத்தை இரண்டு கொத்தனாருக்குக் கொடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

சீனியர்சைட் · புதன், காலை 9:14

முதலில் பதவியின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள் தம்பி. கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் என்பது பெரிய புராஜெக்டுக்கு. பத்து கான்ட்ராக்டர், ஷெட்யூல், பட்ஜெட் என்று கட்டி மேய்ப்பவர். உங்கள் வீட்டுக்கு வேண்டியது சைட் இன்ஜினியரோ சூப்பர்வைசரோதான். வித்தியாசம் தெரியாமல் ஆள் எடுத்தால் வருபவர் உங்களை ஏய்த்துவிட்டுப் போவார். இங்கே இதைப் பலமுறை பேசியாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. லிஸ்ட் வைத்துக்கொண்டு வீடு கட்ட முடியாது. அனுபவம் வேண்டும்.

ஒரே கேள்வி: ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இருக்கிறதா?

கடைசிபெஞ்ச் · புதன், மாலை 4:40

மன்னிக்கவும், டியூட்டியில் இருந்தேன். தென்காசி பக்கம். 1200 சதுர அடி, தரைத்தளம் மட்டும். லேபர் கான்ட்ராக்ட், மெட்டீரியல் நாங்கள் வாங்கிக் கொடுக்கிறோம். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) முடிந்து மேலே சுவர் ஏறுகிறது, அடுத்தது ரூஃப். நான் மஸ்கட்டில் இருக்கிறேன். அப்பாதான் சைட் பார்க்கிறார், 71 வயது, சாரம் ஏற முடியாது. டிராயிங் இருக்கிறது, பஞ்சாயத்தில் அப்ரூவல் வாங்கியது.

சீனியர்சைட் · புதன், மாலை 4:52

நினைத்தேன். அப்ரூவல் பிளானில் அறை அளவும் செட்பேக்கும் (சுற்றிலும் விட வேண்டிய காலி இடம்) இருக்கும். ரூஃபில் எத்தனை எம்எம் கம்பி, எத்தனை அங்குல இடைவெளி, பீமுக்கு எத்தனை ராடு என்பது அதில் இருக்காது. அந்தத் தாள் இல்லாமல் மேனேஜர் வந்து எதைப் பார்த்துச் சரி, தப்பு சொல்வார்? மேஸ்திரி கட்டியதைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்பார். முதல் செலவு டிராயிங்குக்கு, இரண்டாவது செலவுதான் ஆளுக்கு.

செங்கல்சூளை · புதன், மாலை 5:30

சீனியர் பேசும் தொனி பிடிக்கவில்லை. ஆனால் இது சரி.

கணக்குநோட்டு · புதன், இரவு 8:02

மெட்டீரியல் நீங்கள் வாங்குகிறீர்கள் என்றால் எல்லாத் திருட்டும் அங்கேதான். மேனேஜர் கையில் பர்ச்சேஸ் கொடுக்காதீர்கள். கடை அவர் சொல்லும் கடையாக இருக்கும், மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி வைத்திருப்பார். எங்கள் வீட்டில் வந்தவர் நல்ல மனிதர்தான். ஆனால் டைல்ஸ் கடையில் என்னைப் பார்த்ததும் அவர் முகமும் கடைக்காரர் முகமும் ஒரே மாதிரி மாறியது. ஆர்டர் போடுபவர் ஒருவர், சரக்கை எண்ணி இறக்குபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர் என்று மூன்று பேராக இருக்க வேண்டும். எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) "ஒரு லோடு" என்று வாங்காதீர்கள், லாரிப் பெட்டியை டேப் வைத்து அளந்து யூனிட் கணக்கில் வாங்குங்கள். 100 கன அடி ஒரு யூனிட்.

சைட்அக்கா · புதன், இரவு 10:17

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்கு நான்கு வருடமாக சைட் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் வேலையில் "எல்லாத்தையும் பாத்துக்கம்மா" என்று சொல்லிச் சேர்த்தார்கள். அந்த "எல்லாத்தையும்" என்பதில் ஆட்களுக்கு டீ வாங்குவது இருந்தது, ஓனர் அம்மாவை பேங்குக்கு அழைத்துப் போவது இருந்தது, வாஸ்துக்காரருக்குப் போன் போடுவது இருந்தது. ஒரு நாள் தூண் கம்பியைச் சுற்றிக் கட்டும் ரிங்கைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். நிறுத்துங்கள் என்றேன். "ஓனர் சொல்லட்டும்" என்றார் மேஸ்திரி. ஓனர் ஊரில் அப்போது நள்ளிரவு. அவர் எழுந்து போனை எடுப்பதற்குள் தூணில் கான்கிரீட் நிரம்பிவிட்டது. அன்று எனக்குப் புரிந்தது, இவர்கள் எனக்கு வேலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள், அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை.

அதனால் லிஸ்ட் எழுதுவதானால் "சுத்தமாக வைத்திருப்பது", "ஆட்களைக் கவனிப்பது" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தெந்த இடத்தில் இவர் கையெழுத்து இல்லாமல் வேலை நகரக் கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பதில் பெரியது ரூஃப். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட்டுக்கு முந்தைய நாள் அவர் பார்க்க வேண்டும். கம்பி டிராயிங்படி இருக்கிறதா, அடியில் கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைத்திருக்கிறதா (ரூஃப் ஸ்லாபுக்கு 20 எம்எம், கல் துண்டு கூடாது), கரண்ட் பைப், ஃபேன் பாக்ஸ் எல்லாம் இடத்தில் இருக்கிறதா, கீழே தாங்கும் முட்டு நேராக நிற்கிறதா, முட்டின் கால் ஈர மண்ணில் இறங்குமா. இதற்கெல்லாம் சரி போட்ட பிறகுதான் மிக்ஸர் மெஷினுக்குச் சொல்ல வேண்டும். மெஷின் வந்து நின்றபிறகு யாராலும் நிறுத்த முடியாது, நானே நிறுத்த மாட்டேன்.

அடுத்தது சனிக்கிழமைப் பணம். வாரம் எவ்வளவு வேலை நடந்தது என்று அவர் அளந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் உங்கள் அப்பா மேஸ்திரிக்குப் பணம் கொடுக்க வேண்டும். பணம் மேனேஜர் கையில் போகக் கூடாது. ஆனால் அவர் அளவு இல்லாமல் பணமும் போகக் கூடாது. இது ஒன்று இருந்தாலே அவர் பேச்சுக்கு மரியாதை வந்துவிடும்.

டிராயிங்கை மாற்றும் அதிகாரம் அவருக்கும் கிடையாது என்பதையும் எழுதுங்கள். "இங்கே ஒரு ராடு குறைச்சுக்கலாம்" என்று மேஸ்திரி சொன்னாலும் சரி, அவரே சொன்னாலும் சரி, டிசைன் செய்தவரைக் கேட்காமல் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வருபவரிடம் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தாளும் பேனாவும் கொடுத்து, "1200 சதுர அடி, 5 அங்குல ரூஃப், எம்20 தரக் கான்கிரீட், எத்தனை மூட்டை சிமெண்ட்?" என்று கேளுங்கள். 500 கன அடி, கிட்டத்தட்ட 14 கன மீட்டர். 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) கன மீட்டருக்கு 8 மூட்டை சொச்சம், ஆக ஸ்லாபுக்கு மட்டும் 115 பக்கம் வரும், பீம் தனி. பிறகு 12 எம்எம் கம்பி, 12 மீட்டர் நீளம், எவ்வளவு எடை என்று கேளுங்கள். 10.7 கிலோ என்று வாயிலிருந்து வர வேண்டும். இந்த இரண்டும் வராதவர் உங்கள் மூட்டையையும் கம்பியையும் எப்படிக் கணக்குப் பார்ப்பார்?

சம்பளம் அவர் தினமும் முழு நாள் நிற்பாரா, வாரம் மூன்று முறை வந்து போவாரா என்பதைப் பொறுத்தது. உங்கள் அளவு வீட்டுக்கு முழு நாள் ஆள் தேவையில்லை என்பேன். முக்கியமான நாட்களில் காலையிலிருந்து நிற்க வேண்டும் என்று எழுதி, விசிட் கணக்கில் பேசுங்கள்.

மேஸ்திரிமகன் · புதன், இரவு 10:40

அக்கா சொன்னதில் பணம் சமாச்சாரம் எனக்குப் பிடிக்கவில்லை. மேஸ்திரி சனிக்கிழமை பன்னிரண்டு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும். இன்ஜினியர் அன்றைக்கு வரவில்லை என்றால் அவர்கள் வீட்டில் என்ன சொல்வது?

சைட்அக்கா · புதன், இரவு 10:44

நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அளக்க வேண்டும், அளக்காவிட்டால் மேஸ்திரி கணக்கே செல்லும் என்று அதையும் எழுதிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சீனியர்சைட் · வியாழன், காலை 8:10

ரூஃபைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிப்பதை விட்டுவிட்டீர்கள். 21 நாள். அதற்கு ஒரு நாள் முன்னால் கூட முட்டில் கை வைக்கக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள்.

நெல்லைசிவில் · வியாழன், காலை 8:55

சார், எந்த ஸ்லாபுக்கு 21? கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிப் புத்தகம் ஐஎஸ் 456-இல் 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கும் இரண்டு இடத்துக்கு நடுவில் உள்ள தூரம்) உள்ள ஸ்லாபுக்கு முட்டு எடுக்க 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல்தான் 21.

சீனியர்சைட் · வியாழன், காலை 9:03

புத்தகம் எனக்கும் தெரியும். அது ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கு எழுதியது. இன்று வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பிபிசி (சாம்பல் கலந்த சிமெண்ட்). அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதே பக்கத்தில் வேறு சிமெண்டுக்கு நாள் கணக்கை மாற்ற வேண்டும் என்றும் போட்டிருக்கிறது, அதைப் படிக்கவில்லையா?

நெல்லைசிவில் · வியாழன், காலை 9:20

படித்தேன். மாற்றலாம் என்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் 21 என்று இல்லை. சென்ட்ரிங் வாடகை யார் தலையில் விழுகிறது?

கேமராக்கண் · வியாழன், காலை 9:41

கேமரா இருந்தால் முட்டு எடுப்பதும் தெரிந்துவிடும்.

தாமிரபரணி · வியாழன், மதியம் 1:15

தென்காசி என்கிறார், அதனால் சொல்கிறேன். இப்போது சாரல் காலம். "மேலே தூறிக்கிட்டுத்தானே இருக்கு, தண்ணி எதுக்கு" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று சும்மாவா? காற்றாலை எல்லாம் அந்தப் பக்கம் எதற்கு நிற்கிறது? தூறல் நின்ற அரை மணியில் ஸ்லாப் மேல்பக்கம் காய்ந்து முடி போல மெல்லிய வெடிப்பு விடும். என் மச்சான் வீட்டு ரூஃபில் மறுநாள் காலை கோடு கோடாக இருந்தது. கான்கிரீட் போட்ட அன்றே ஈரச் சாக்கு மூட வேண்டும், மறுநாள் தண்ணீர் தேங்கப் பாத்தி கட்ட வேண்டும்.

சீனியர்சைட் · வியாழன், மதியம் 1:32

பிபிசி என்றால் குறைந்தது 10 நாள் தண்ணீர் நிற்க வேண்டும், 14 நாள் நிறுத்துவது நல்லது. நெல்லைசிவில் அதற்கும் அந்த ஐஎஸ் புத்தகத்தைப் பார்த்துக் கொள்ளட்டும்.

நெல்லைசிவில் · வியாழன், மதியம் 1:50

பார்த்தேன், இதில் நீங்கள் சொன்னதுதான் இருக்கிறது. மகிழ்ச்சியா?

செங்கல்சூளை · வியாழன், மாலை 6:00

கேட்டவர் மேனேஜர் கேட்டார். நாம் சிமெண்டுக்குள் இறங்கிவிட்டோம். தம்பி, மேஸ்திரியோடு என்ன பிரச்சினை என்று இன்னும் சொல்லவில்லை.

கடைசிபெஞ்ச் · வெள்ளி, இரவு 12:25

எல்லோருக்கும் நன்றி, எல்லாவற்றையும் படித்தேன். டிராயிங்குக்கு ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி என் தாய்மாமா. அம்மாவின் தம்பி. லிண்டல் ஒரு பக்கம் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது. அப்பா கேட்டதற்கு "பூச்சுல சரி பண்ணிடலாம் மச்சான்" என்றாராம். அதற்கு மேல் அப்பாவால் பேச முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் இரண்டு நாளாகப் பேச்சில்லை.

மேஸ்திரிமகன் · வெள்ளி, காலை 6:48

இதைத்தானே முதல் நாளே கேட்டேன்.

கணக்குநோட்டு · வெள்ளி, காலை 7:10

தாய்மாமா என்றால் ஸ்டாக் ரிஜிஸ்டர் எல்லாம் வேலைக்கு ஆகாது. இன்ஜினியர் எதிரில் கையெழுத்துப் போடுவார், பிறகு உங்கள் அம்மாவுக்குப் போன் போடுவார்.

சீனியர்சைட் · வெள்ளி, காலை 8:30

ஒன்றரை அங்குலத்தைப் பூச்சில் எடுத்தால் அந்த இடத்தில் பூச்சு கனமாகி உதிரும். இப்போதே சரி செய்யச் சொல்லுங்கள். மாமாவானாலும் ரசமட்டம் ஒன்றுதான்.

சைட்அக்கா · வெள்ளி, காலை 9:02

அப்படியானால் நான் எழுதிய வரிசையை மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருபவரை உங்கள் அப்பா தனியாகப் பார்க்க வேண்டாம். மாமாவும் இருக்கட்டும். அதற்கு முன்னால் நீங்களே மாமாவுக்குப் போன் போடுங்கள், அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். "உங்களுக்கு மேலே ஆள் போடுகிறேன்" என்று சொல்லாமல், "எனக்குப் பதில் சைட்டில் நிற்க ஒருவர், கம்பிக் கணக்கு எனக்குத் தெரியாது, நீங்கள் அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை.

கையெழுத்து வாங்க வேண்டிய தாளில் மூன்று பெயர் இருக்கட்டும்: இன்ஜினியர், மாமா, அப்பா. நிறுத்து என்பதை அந்தத் தாள் சொல்லட்டும், அப்பா சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினியர் உங்கள் ஊர்க்காரராகவோ சொந்தமாகவோ இல்லாமல் இருப்பது நல்லது. ரூஃப் அன்று மாமாவுக்கு வேட்டி துண்டு வைக்க மறக்காதீர்கள், அதையும் இன்ஜினியர் கையால் கொடுக்கச் சொல்லாதீர்கள்.

தாமிரபரணி · வெள்ளி, காலை 9:40

வேட்டி துண்டு முக்கியம். எங்கள் வீட்டில் அது மறந்து இன்னும் பேச்சில்லை.

கடைசிபெஞ்ச் · திங்கள், இரவு 11:30

வந்தார். மூட்டைக் கணக்கு கேட்டேன், 118 என்றார். கம்பி எடைக்கு அவர் யோசிக்கும்போதே மாமா சொல்லிவிட்டார். இருவரும் பிறகு லிண்டலை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். புதன்கிழமை அந்தப் பக்கம் உடைத்துப் போடுகிறார்கள். டிராயிங் இந்த வாரம் வருகிறது. பிறகு எழுதுகிறேன்.

செங்கல்சூளை · செவ்வாய், காலை 6:15

சம்பளம் எவ்வளவு பேசினீர்கள்?

நெல்லைசிவில் · மூன்று வாரம் கழித்து

ரூஃப் போட்டாச்சா? பலம் சோதிக்கக் கான்கிரீட் கியூப் எத்தனை எடுத்தீர்கள்? பீமோடு சேர்த்து 16 கன மீட்டரை எட்டினால் மூன்று சாம்பிள்.

சீனியர்சைட் · மூன்று வாரம் கழித்து

சென்ட்ரிங் பிரிக்கவில்லையே?