ஈஎஸ்பி வழியாக விட்டதிலிருந்து ஒரே ஆர்டர் மூன்று முறை பதிவாகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். எங்களிடம் ஒரு பழைய சோப் சர்வீஸ் (எக்ஸ்எம்எல் செய்திகளால் கூப்பிடும் இணையச் சேவை) இருக்கிறது. ஆர்டரை வாங்கிக் கிடங்கு இருப்பில் கழிக்கும். மூன்று கிளையண்டுகள் (அதைப் பயன்படுத்தும் நிரல்கள்) அதை நேரடியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. இனி எல்லாம் பஸ் (ஈஎஸ்பி, அதாவது மென்பொருள்களுக்கு நடுவே நின்று செய்திகளைக் கடத்துவது) வழியாகத்தான் போக வேண்டும் என்று முடிவானதால் சர்வீஸ்மிக்ஸ் 7 என்ற பஸ் மென்பொருளை நிறுவி, அதிலுள்ள கேமல் என்ற கருவியில் ஒரு ரூட் (செய்தி போகும் வழி) எழுதினேன். அழைப்பை வாங்க முன்பக்கம் ஜெட்டி, சர்வீஸுக்கு அனுப்பப் பின்பக்கம் எச்டிடிபி4, நடுவில் ஒரு லாக் (பதிவேடு), அவ்வளவுதான்.

முதல் நாளே ‘இன்வேலிட் யூஆர்ஐ’ பிழை வந்தது. உள்ளே வந்த அழைப்பின் முகவரி ஹெடர் என்ற தலைக்குறிப்பிலேயே தங்கிவிடுகிறது, எச்டிடிபி4 அதையே எடுத்துக்கொள்கிறது. ‘பிரிட்ஜ்எண்ட்பாயிண்ட்’ என்ற அமைப்பை ட்ரூ ஆக்கியதும் சரியானது. அந்தப் பிழைச் செய்தியின் பின்பாதியிலேயே இது எழுதியிருக்கிறது. யாருக்காவது வந்தால் வரியை முழுதாகப் படியுங்கள், எனக்கு அரை நாள் போனது.

இப்போது பெரிய கவலை வேறு. மாதக் கடைசியில் சர்வர் மெதுவாகும்போது ஒரே ஆர்டர் மூன்று முறை பதிவாகிறது. கிடங்கில் இருப்பவர்கள் பெட்டிகளைக் கையால் எண்ணிச் சரிபார்க்கிறார்கள். என் வேலையால் அவர்களுக்கு இந்தச் சிரமம் என்பதை நினைத்தால் தாங்கவில்லை.

அப்புறம், ‘இருப்பு போதாது’ என்று சர்வீஸ் அனுப்பும் ஃபால்ட் (பிழைப் பதில்) கிளையண்டுக்குப் போய்ச் சேருவதில்லை, பதிலாக ஜாவாவின் உள்பிழை விவரமான ஸ்டாக் டிரேஸ் போகிறது. இன்னொன்றும் புரியவில்லை. சி ஷார்ப் கிளையண்டின் அழைப்புகள் பஸ் லாகில் வருவதே இல்லை, ஆனால் அதன் ஆர்டர்கள் பதிவாகின்றன!

பதில் 1

ஃபால்ட் விஷயம் எளிது. சோப் 1.1-இல் ஃபால்ட் என்றால் எச்டிடிபி 500 (சர்வர் பிழை எண்) ஆகத்தான் வரும். கேமல் அந்த 500-ஐப் பார்த்து எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வீசுகிறது, உள்ளே இருந்த எக்ஸ்எம்எல் கிளையண்டுக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. எச்டிடிபி4 முகவரியில் ‘த்ரோஎக்ஸெப்ஷன்ஆன்ஃபெயிலியர்’ ஃபால்ஸ் என்று சேருங்கள். பதில் வந்தபடியே திரும்பிப் போகும்.

மூன்று முறை பதிவாவதற்கு ஒரு விவரம் வேண்டும். எரர் ஹேண்ட்லரில் மறுமுயற்சி வைத்திருக்கிறீர்களா? டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) எவ்வளவு?

கேட்டவர்

ஆமாம், மேக்ஸிமம் ரீடெலிவரீஸ் (மறுமுயற்சி எண்ணிக்கை) 2. சாக்கெட் டைம்அவுட் 30 வினாடி. நெட்வொர்க் நடுவில் அறுந்தால் ஆர்டர் தொலைந்துவிடக் கூடாது என்றுதான் வைத்தேன்.

பதில் 1

காரணம் அதுதான். முதல் அழைப்பு ஒன்று, மறுமுயற்சி இரண்டு, ஆக மூன்று. 30 வினாடி ஆனதும் பஸ் காத்திருப்பதை விட்டுவிடுகிறது, ஆனால் பின்னால் இருக்கும் சர்வர் வேலையை விடுவதில்லை. 40-ஆவது வினாடியில் அது ஆர்டரைப் பதிந்து முடிக்கும்போது உங்கள் இரண்டாவது அழைப்பு ஏற்கெனவே வாசலில் நிற்கிறது.

கனெக்ட் எக்ஸெப்ஷன் வந்தால் தாராளமாக மறுபடி அனுப்பலாம். இணைப்பே கிடைக்கவில்லை, எனவே ஆர்டர் போய்ச் சேரவில்லை என்பது உறுதி. சாக்கெட் டைம்அவுட் அப்படியில்லை. அங்கே நடந்ததா நடக்கவில்லையா என்று பஸ்ஸுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பணத்தையும் சரக்கையும் தொடும் அழைப்பை மறுபடி அனுப்பவே கூடாது. கனெக்ட் எக்ஸெப்ஷனுக்கு மட்டும் ஆன்எக்ஸெப்ஷன் (அந்தப் பிழைக்கான தனி விதி) எழுதி மறுமுயற்சி 2 வையுங்கள். மற்றதற்குப் பொதுவான எரர் ஹேண்ட்லரில் 0.

பதில் 2

ரூட்டின் தலையில் ஐடெம்பொட்டண்ட் கன்ஸ்யூமர் (ஒரே செய்தி மறுபடி வந்தால் ஒதுக்குவது) வைத்து ஆர்டர் எண்ணைச் சாவியாகக் கொடுத்தால் தடுத்துவிடாதா?

பதில் 1

கிளையண்டே இரண்டு முறை அனுப்பினால் தடுக்கும். இந்தத் தொல்லைக்கு உதவாது. கேமலில் மறுமுயற்சி எந்த இடத்தில் தோற்றதோ அங்கிருந்துதான் நடக்கும், ரூட்டின் தலைக்குத் திரும்பிப் போகாது. முடிந்தால் டேட்டாபேஸில் ஆர்டர் எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண்ணை இரண்டாம் முறை பதியவிடாத விதி) போடச் சொல்லுங்கள். அதுதான் உண்மையான காவல்.

பதில் 3

சி ஷார்ப் கிளையண்டை எப்படி உருவாக்கினார்கள்? பஸ் முகவரியில் டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸை விவரிக்கும் கோப்பு) எடுத்திருந்தாலும், அந்தக் கோப்பின் அடியில் சோப் அட்ரஸ் லொகேஷன் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். பின்பக்க சர்வரின் முகவரி அப்படியே இருக்கும். உருவாகும் கிளையண்ட் அதைத்தான் நம்பும், பஸ்ஸைத் தாண்டி நேராகப் போய்விடும். டபிள்யூஎஸ்டிஎல்லைச் சேமித்து, முகவரியை பஸ்ஸுடையதாக மாற்றி, பஸ்ஸிலிருந்தே கொடுங்கள். அதில் இறக்குமதியாகும் எக்ஸ்எஸ்டி (தரவு வடிவத்தை விவரிக்கும் கோப்பு) முகவரிகளையும் மறக்காதீர்கள். பிறகு பின்பக்க போர்ட்டை ஃபயர்வாலில் பஸ்ஸுக்கு மட்டும் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் இன்னொருவர் இதே போல நேராகப் போவார், யாருக்கும் தெரியாது.

கேட்டவர்

மூன்றும் சரியாகிவிட்டது, மனமார்ந்த நன்றி. லொகேஷனில் நீங்கள் சொன்னபடி பழைய முகவரிதான் இருந்தது. கிளையண்டின் கான்ஃபிகில் முகவரியை மாற்றியதும் லாகில் வர ஆரம்பித்தது. போர்ட்டை இன்று இரவு மூடுகிறோம்.

பஸ்ஸின் டைம்அவுட்டை 60 வினாடி ஆக்கினேன். கிளையண்டுகளிலும் 30 தான் இருந்தது, அதை 90 ஆக்கச் சொல்லிவிட்டேன். இல்லையென்றால் பஸ் காத்திருக்கும்போதே அவர்கள் பட்டனை மறுபடி அழுத்துவார்கள். யூனிக் கட்டுப்பாடு போடுவதற்கு முன் ஏற்கெனவே கூடுதலாகப் பதிவான ஆர்டர்களை நீக்க வேண்டும். நாளை கிடங்குக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்க்கப் போகிறேன்.