சென்னையில் பஸ் சர்வே எடுக்க வந்தார்களே, உங்களிடம் என்ன கேட்டார்கள்?

மேடவாக்கம் மருமகள்:
எந்த சர்வே என்று விளக்க வேண்டியதில்லை, ஸ்டாப்பில் நின்ற எல்லாரையும் கேட்டார்கள். எங்கிருந்து எங்கே, எத்தனை பஸ் மாறணும், எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள். என்னுடையதை முடித்துவிட்டு மாமியாரைப் பற்றிச் சொன்னேன். 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டே, வாங்கினது அப்படியே பீரோவில் கிடக்கிறது. முட்டி வலி, பஸ் படி உயரம், ஏற முடியவில்லை. டேப்லெட்டில் தட்டிக்கொண்டிருந்த சர்வே பையன் நிமிர்ந்து, "அவங்க இப்ப இங்க இருக்காங்களா மேடம்?" என்றான். வீட்டில் என்றேன். "பயணிகளை மட்டும்தான் எடுக்கணும், அதுக்கு இதுல இடமில்லை." ஏற முடியாததால்தானே அவர் பயணி இல்லை! அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சரி. ஆனால் மனசு ஆறவில்லை.

கடைசித் தெரு:
எங்களுக்கு ஏரியா சபைக் கூட்டத்தில், வார்டு மக்கள் குறை சொல்லும் இடத்தில், நடந்தது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வர ஷேர் ஆட்டோ கிடையாது, நடைதான். 2013-இல் விட்டார்களே சிற்றுந்து, எஸ் நம்பர் போட்டு ஓடுவது, அதில் ஒன்று கேட்டோம். "உங்க தெரு குறுகல், வண்டி உள்ள வராது" என்று வந்திருந்தவர் சொல்லும்போதே வாசலில் தண்ணி லாரி ஹாரன். எங்கள் தெருவுக்கு வந்த லாரிதான். பேச்சை நிறுத்தினார், லாரி போகும்வரை காத்திருந்தார், விட்ட இடத்திலிருந்து அதே வாக்கியத்தைத் தொடர்ந்தார். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

பிங்க் பஸ்:
மருமகள் சொன்ன அதே சர்வேதான். ரொம்ப நேரமாக நிற்கிறேன் என்றதும் 'பஸ் பற்றாக்குறை' என்று குறித்துக்கொண்டார். பஸ் வரவில்லை என்று நான் சொல்லவே இல்லை. டீலக்ஸ் வந்தது, எக்ஸ்பிரஸ் வந்தது, விட்டேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில்தானே பெண்களுக்கு டிக்கெட் இல்லை? வீட்டுவேலைக்குப் போகிற நாங்கள் அதற்காகத்தான் நிற்கிறோம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டீலக்ஸ் வந்து நின்றது. "உங்க பஸ் வந்துடுச்சே, ஏறலையா?" என்று அவரே கேட்டார். நான் சொன்ன பதிலை எழுதிக்கொள்ளவில்லை.

ரிட்டயர்டு ராயபுரம்:
கடைசித் தெரு அவர்களே, லாரி வருகிறது என்பதால் பஸ் வரும் என்று சொல்ல முடியாது. லாரி ரிவர்ஸிலேயே வெளியே போய்விடும். பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் போய்வர வேண்டும், எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்க இடம் வேண்டும். என்னிடமும் ஒரு பெண் கேட்டாள், ராயபுரத்தில் குறை இல்லை என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சும்மா 'பஸ் வேண்டும்' என்று கேட்காதீர்கள். பள்ளி விடும் நேரம், ஷிப்ட் நேரம், ரேஷன் கடை, பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் எல்லாம் போட்டு ஒரு வரைபடம் தயாரியுங்கள். பஸ் திரும்ப ஒரு காலி மனையையும் நீங்களே காட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பகுதி ரூட்டுகளில் எத்தனை நடை ஓடுகிறது என்று கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அப்புறம் கும்டாவுக்கு, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு, ஒரு நகல். பஸ், மெட்ரோ, ரயில் மூன்றையும் சேர்த்துத் திட்டமிடத்தானே அது இருக்கிறது, மூன்றுக்கும் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியும் அவர்களுடையதுதான். இன்னொன்று, புது ரூட் கேட்பதைவிட இருக்கிற ரூட்டில் கூடுதல் நடை கேட்பது சுலபம். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோதும் இதைத்தான் சொன்னேன், யார் கேட்டார்கள்.

கடைசித் தெரு:
ரிவர்ஸா? ஐயா ஒருநாள் வந்து பாருங்கள். எங்கள் தெருவில் லாரி யூ டர்ன் அடிக்கிறது.

மேடவாக்கம் மருமகள்:
மனு எழுத எனக்கும் தெரியும் சார். 2024 ஆகஸ்டில் விட்ட, படி ஏறத் தேவையில்லாத தாழ்தள பஸ் எங்கள் வழியாக எந்த நம்பரில் வருகிறது, அதை யாராவது சொல்லுங்கள்.

பிங்க் பஸ்:
நம்பர் தெரிந்தாலும் ஸ்டாப்பைப் பாருங்கள் அக்கா. எங்கள் ஸ்டாப்பில் பிளாட்பாரத்தை ஒட்டி ஆட்டோ வரிசை, பஸ் நடுரோட்டில்தான் நிற்கிறது. உங்கள் மாமியாரை எப்படியும் ரோட்டில் இறக்கித்தான் ஏற்ற வேண்டும்.