மான் வேட்டைக்குக் கத்தி: குடும்பக் குழுவில் பேசியது

நான்: பெரியப்பா, வணக்கம். வேட்டை உரிமம் கைக்கு வந்துவிட்டது. வீழ்த்திய இடத்திலேயே மானின் குடலை நீக்கிச் சுத்தம் செய்வதற்கு 8 அங்குலக் கத்தி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பெரியப்பா: வேண்டாம் தம்பி. மூன்றரை அங்குலம் போதும். நான்கைத் தாண்டவே வேண்டாம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை விளிம்போடு அறுத்துவிட்டு, நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு மூச்சுக்குழாயை அறுக்கும்போது கத்திமுனை நம் கண்ணுக்குத் தெரியாது. சுட்டுவிரலை அலகின் முதுகில் நீட்டினால் முனை எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரிய வேண்டும். நீளக் கத்தியில் அது நடக்காது, மற்றக் கையைத்தான் வெட்டிக்கொள்வாய்.

அக்கா: முனை எந்த வடிவில் இருப்பது நல்லது, பெரியப்பா?

பெரியப்பா: முதுகு மெல்லத் தாழ்ந்து வந்து முனையில் சேர வேண்டும் அம்மா. மேல்நோக்கி வளைந்த ஊசிமுனை குடலைக் குத்திவிடும். உள்ளே இருப்பது இறைச்சியில் பட்டால் அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். கத்தியின் வாய் மேலே பார்த்திருக்க, இடக்கையின் இரண்டு விரல்களால் தோலைத் தூக்கிப் பிடித்து, அவற்றின் நடுவே உள்ளிருந்து வெளியாக அறுக்க வேண்டும். முடிப்பக்கமிருந்து அறுத்தால் அதில் ஒட்டிய மண்ணே கூரை மழுக்கிவிடும்.

நான்: மடக்குக் கத்தி பையில் வைக்க வசதியாக இருக்குமே?

பெரியப்பா: என் முதல் கத்தி அதுதான். இரத்தமும் கொழுப்பும் கீலுக்குள் புகுந்து உறைந்து, மறுநாள் திறக்கவே வரவில்லை. சுடுநீரும் பழைய பல் துலக்கியும் வைத்து அரைமணி நேரம் தேய்த்தேன். கைப்பிடியின் கடைசிவரை எஃகு ஓடும் மடங்காத கத்தியை வாங்கு. பிடி சொரசொரப்பான ரப்பராக, ஆரஞ்சு நிறத்தில் இருக்கட்டும். அந்தி வெளிச்சத்தில் சருகுக்கு நடுவே கத்தியைத் தேடுவது பெரும்பாடு.

அக்கா: அலகை மாற்றிக்கொள்ளும் வகை எப்படி?

பெரியப்பா: தோலுரிக்க அருமையானது. ஆனால் மூட்டில் வைத்து நெம்பினால் ஒடியும், ஒடிந்த துண்டு இறைச்சிக்குள் தங்கிவிடும். தம்பிக்கு முதல் கத்தி துருப்பிடிக்காத எஃகாகவே இருக்கட்டும். கார்பன் எஃகு எளிதில் கூரேறும் என்றாலும், துடைத்து எண்ணெய் தடவ மறந்தால் துரு ஏறிவிடும். அலகின் ஒவ்வொரு பக்கத்தையும் கல்லில் 20 பாகை சாய்வாக வைத்துத் தீட்டு. இடுப்பெலும்பைப் பிளக்க நினைத்தால் கத்தியைத் தொடாதே, சிறிய ரம்பம் எடுத்துச் செல்.

நான்: சரி பெரியப்பா. வாங்குவதற்கு முன் படம் அனுப்புகிறேன்.

பெரியப்பா: பக்கவாட்டில் எடுத்து அனுப்பு, முதுகின் வளைவு எனக்குத் தெரிய வேண்டும்.