ஃபுல் சிக்னல் இருக்கும்போது மொட்டைமாடி டவரில் புதுப் பெட்டிகள் எதற்கு? (பெங்களூரு, பிடிஎம் லேஅவுட்)

பிடிஎம்_சங்கம்:
வணக்கம். எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் பல வருடமாக ஒரு மொபைல் டவர் இருக்கிறது. இப்போது டவர் கம்பெனி கடிதம் கொடுத்திருக்கிறது. பழைய 4ஜி ரேடியோக்களை மாற்றி, மூன்று 5ஜி ரேடியோக்கள், புது பேட்டரி கேபினட், டக்ட் வழியாக ஒரு ஃபைபர் கேபிள், இவ்வளவும் வைக்க அனுமதி கேட்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் எதிர்ப்பு. "வீட்டுக்குள் நாலு கட்டமும் தெரிகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்? கம்பெனி லாபத்துக்கு நாம் ஏன் மாடியை உடைக்க வேண்டும்?" என்கிறார்கள். 4ஜி போன் வைத்திருக்கும் பெரியவர்கள் தங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் திக்குவதும் உண்மை. தொழில்நுட்ப ரீதியாக இது தேவையா? கையெழுத்து போடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் கூட்டத்தில் அப்படியே வாசித்துவிடுகிறேன்.

ஆர்எஃப்_அல்சூர்:
தேவைதான் சார். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், கூட்டத்தில் பயன்படும்.

போனில் தெரியும் கட்டங்கள் டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டும் காட்டும். அதே டவரை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பது அதில் தெரியாது. இரவு எட்டு மணிக்கு நீங்கள் படும் பாடு முழுக்க இந்தப் பங்கு பிரச்சினைதான்.

20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி கேரியரை, அதாவது ஒரு அலைவரிசைத் துண்டை, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டெனா வைத்து அனுப்பினால் உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ். விளம்பரத்தில் வருவது இந்த எண். நெரிசல் நேரத்தில் ஒரு செக்டர் (டவர் ஒரு திசையில் கவர் செய்யும் பகுதி) மொத்தமாகத் தருவது 30 முதல் 40 எம்பிபிஎஸ்தான். 720பி வீடியோவுக்கு ஆளுக்கு 2.5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் பன்னிரண்டிலிருந்து பதினாறு பேர் பார்த்தாலே செக்டர் நிரம்பிவிட்டது. பிடிஎம் மாதிரி தெருவுக்கு நாலு பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) இருக்கும் இடத்தில், ஒரே செக்டரில் இருநூறு போன் இணைந்திருப்பது சர்வசாதாரணம்.

150 எப்படி 40 ஆகிறது? டவரை நேராகப் பார்க்கும் ஜன்னலோரத்தில் ஒருவர், எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலையும் குறுக்கீட்டையும்விட சிக்னல் எவ்வளவு மேலே என்ற அளவு) 20 டெசிபலுக்கு மேல். இரண்டு சுவர் தாண்டி உள்ளறையில் இன்னொருவர், எஸ்ஐஎன்ஆர் பூஜ்யம். இருவரும் ஒரே வீடியோவைப் பார்த்தாலும், உள்ளறைக்காரருக்கு அதைக் கொண்டுசேர்க்க ஆறேழு மடங்கு ரேடியோ நேரம் செலவாகிறது. ஆக, மோசமான சிக்னலில் இருப்பவர் தான் மட்டும் கஷ்டப்படுவதில்லை, செக்டரில் உள்ள எல்லோருடைய பங்கையும் சேர்த்துக் கரைக்கிறார். ரேடியோவை மேம்படுத்துவதும் நடுவே இன்னொரு சைட் (டவர் நிலையம்) போடுவதும் எல்லோருக்குமே நல்லது என்பது இதனால்தான்.

இனி 5ஜி. 2022 ஏலத்தில் ஏர்டெல்லும் ஜியோவும் 3300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் எடுத்தார்கள். அகலமே ஐந்து மடங்கு. அதில் 64டி64ஆர் ரேடியோ (அனுப்ப 64, வாங்க 64 பாதை உள்ளது) வைத்தால் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் இருப்பவர்களுக்கு ஒரே அலைவரிசையைத் தனித்தனிக் கற்றையாக அனுப்பலாம். செக்டரின் சராசரி சில நூறு எம்பிபிஎஸ்ஸுக்குப் போய்விடும். இவ்வளவு பணம் கொட்டி வாங்கிய அலைக்கற்றை, மாடியில் ரேடியோ இல்லாத ஒரே காரணத்தால் உங்கள் தெருவில் சும்மா கிடக்கிறது என்பதைத்தான் எதிர்ப்பவர்களிடம் முதலில் சொல்ல வேண்டும்.

4ஜி போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. 5ஜி போன்கள் புதுப் பட்டைக்கு நகர்ந்ததும் பழைய 4ஜி கேரியரில் இடம் காலியாகும். அதோடு கடிதத்தில் 4ஜி ரேடியோவையும் மாற்றுவதாகச் சொல்கிறார்களே, அது 4டி4ஆர்தானா (அனுப்ப நாலு, வாங்க நாலு) என்று கேளுங்கள். போனின் சக்தி வெறும் 200 மில்லிவாட். அதைக் கேட்கும் காது டவரில் இரண்டிலிருந்து நான்கானால் அப்லிங்கில், அதாவது போனிலிருந்து டவருக்குப் போகும் பாதையில், சுமார் 3 டெசிபல் கூடும். உள்ளறையிலிருந்து பேசும் வீடியோ காலுக்கு இது பெரிய வித்தியாசம். 3300 பட்டை சுவரைத் தாண்டும்போது அதிகம் அடிபடும் என்பதால், வீட்டுக்குள் அப்லிங்கைத் தாங்கிப் பிடிப்பது இன்னமும் 1800, 900 போன்ற கீழ்ப் பட்டைகள்தான். 5ஜி பெட்டியை மாட்டிவிட்டு 4ஜியை அப்படியே விடுவது அரைகுறை வேலை.

ஒருமுறை செய்தால் போதாதா என்றும் யாராவது கேட்பார்கள். போதாது. 2023-லிருந்து ஏர்ஃபைபர் பெட்டிகள் (5ஜி வழியாக வீட்டுக்கு நெட் தருபவை) வீடுவீடாக வருகின்றன. டிவி, லேப்டாப் எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுப் பெட்டி இழுப்பது ஒரு போன் இழுப்பதைவிடப் பல மடங்கு. இன்று காலியாக இருக்கும் 5ஜி செக்டர் நாளை அதே 4ஜி நிலைமைக்கு வரும். செக்டரின் ரேடியோ வளத்தில் 70 சதவீதத்துக்கு மேல் தினமும் நெரிசல் நேரத்தில் ஓடினால் அடுத்த கேரியரையோ அடுத்த சைட்டையோ திட்டமிட்டாக வேண்டும். 90 தொடும்வரை காத்திருந்தால் அனுமதி, ஃபைபர், கரண்ட் எல்லாம் முடிவதற்குள் அந்தத் தெரு ஜனம் மாதக்கணக்கில் அவதிப்படும். கம்பெனிகள் இதை விடாமல் செய்ய வேண்டும் என்று நாம் வற்புறுத்த வேண்டுமே தவிர, செய்ய வரும்போது தடுக்கக் கூடாது.

ட்ரான்ஸ்மிஷன்_ஒயிட்ஃபீல்ட்:
ரேடியோ பத்தி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் ஃபைபரைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா கூட்டத்துல "கேபிள் வேண்டாம், பெட்டியை மட்டும் வைக்கட்டும்"னு யாராவது சமரசம் பேசுவாங்க. அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. யானை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்கு பாக்கிற கதை அது.

பழைய சைட்ல தட்டு மாதிரி வட்டமா ஒண்ணு இருக்கும் பாருங்க, அது மைக்ரோவேவ், டவரை நெட்வொர்க்கோட சேர்க்கிற வயர்லெஸ் லிங்க். 28 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல அது கொண்டுபோறது ஏறக்குறைய 200 எம்பிபிஎஸ். மேல மூணு செக்டர் 5ஜி போட்டா ஒரு செக்டரே அதைக் குடிச்சிரும். 80 கிகாஹெர்ட்ஸ் ஈ-பேண்ட் லிங்க் போட்டா 10 ஜிபிபிஎஸ் வரை போகலாம், ஆனா நம்ம ஊரு சாயங்கால மழை இருக்கே, மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்துல கொட்டினா கிலோமீட்டருக்கு 15 டெசிபலுக்கு மேல சிக்னலைத் தின்னுரும். ஒரு கிலோமீட்டருக்குள்ள சமாளிக்கலாம். மூணு கிலோமீட்டர் லிங்க் மழை நேரத்துல மாடுலேஷனை, அதாவது வேகத்தை, குறைச்சுக் குறைச்சு கடைசில விழுந்துரும்.

அதனால ஃபைபர் வருதுன்னா அது உங்களுக்கு லாபம். ஆனா ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த சைட் ரிங்ல இருக்கா, இல்ல ஒத்தை வாலா தொங்குதா? ஒத்தை வால்னா ஒயிட் டாப்பிங்குக்கோ (ரோட்டுக்கு கான்கிரீட் போடுற வேலை) சாக்கடைக்கோ ஒரு ஜேசிபி தோண்டினாலே சைட் மொத்தமா அவுட். ரிங்னா வெட்டு விழுந்ததும் அடுத்த பக்கமா போயிரும். அடுத்தது, கேபிள் கட்டடத்துக்குள்ள எப்படி வருது? கம்பத்துல இருந்து மரக்கிளை வழியா தொங்கவிட்டு பால்கனிக் கம்பியில கட்டுறதெல்லாம் ஆகாது. அந்த மாதிரி கேபிளைத்தான் எவனாவது வந்து வெட்டிட்டுப் போவான். தரையடி குழாய், டக்ட், ஒவ்வொரு மாடியிலும் கிளாம்ப், வளைவுல கேபிள் விட்டத்தைப்போல இருபது மடங்குக்குக் குறையாத ஆரம். கூர்மையா மடிச்சா ஒளி அங்கேயே கசியும். ஒரு ஸ்பிளைஸ்ல (ஃபைபரை ஒட்டுற இடம்) 0.1 டெசிபலுக்கு மேல இழப்பு காட்டினா திரும்ப ஒட்டச் சொல்லணும்.

சைட்_பவர்:
கூட்டத்தில் கிளம்பும் எதிர்ப்பில் நியாயமான பகுதி மாடியைப் பற்றியது. அதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

64டி64ஆர் ரேடியோ ஒன்று 30, 40 கிலோ வரும். எடையைவிட முக்கியம் காற்று. பெங்களூருக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தின்படி அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். அதை வைத்துப் போட்ட கணக்கில், பழைய ஆண்டெனா கழற்றிய பின் உள்ள நிலைமைக்கும் புது ரேடியோ சேர்ந்த நிலைமைக்கும் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட அறிக்கை கேளுங்கள். கம்பத்தின் சுமை தூணின் மேலோ பீமின் மேலோ இறங்க வேண்டும், வெறும் ஸ்லாபில் அல்ல. ஆங்கர் போல்ட் அடித்த இடமெல்லாம் வாட்டர்ப்ரூஃபிங் புதிதாகப் போட்டு, ஒரு மழைக்காலம் முடியும்வரை கசிவுக்கு அவர்களே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

கரண்ட் விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். புது ரேடியோ முழு லோடில் சுமார் 1 கிலோவாட் இழுக்கும். மூன்றுக்கு 3. பழையதோடு சேர்த்து சைட் 2 கிலோவாட்டிலிருந்து 5 ஆகிறது என்று வைப்போம். 48 வோல்ட் 200 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியில் 80 சதவீதம் எடுத்தால் 7.7 யூனிட். முன்பு கிட்டத்தட்ட நாலு மணி நேரம் தாங்கியது இப்போது ஒன்றரை மணி நேரம். ஆகவே பேட்டரி கேபினட் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது இல்லாவிட்டால் பவர் கட் ஆன கொஞ்ச நேரத்தில் நெட்டும் போகும். லித்தியமா, எவ்வளவு ஏஹெச், தனி மீட்டர், மின் விநியோக நிறுவனமான பெஸ்காமிடம் சாங்ஷன் லோடு (அனுமதித்த மின் அளவு) உயர்த்தியாயிற்றா, இவற்றைக் கேளுங்கள்.

ரொம்ப சகஜமான ஒரு கோளாறு: பழைய 6 சதுர மில்லிமீட்டர் டிசி கேபிளையே புது ரேடியோவுக்கும் கொடுத்துவிடுவார்கள். 30 மீட்டர் தூரம், போகவர 60 மீட்டர் செம்பு, 1 கிலோவாட்டுக்கு 21 ஆம்பியர். அங்கேயே சுமார் 4 வோல்ட் விழுகிறது. கரண்ட் இருக்கும்போது தெரியாது. பேட்டரியில் ஓடி 44 வோல்ட்டுக்கு இறங்கும்போது ரேடியோவில் 40-க்கும் கீழே போய் அது அணைந்து அணைந்து எரியும். வெளியில் இருந்து பார்த்தால் "5ஜி வருது போகுது" என்றுதான் படும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு ஒன்றரை வோல்ட்டில் நிற்கும். ஒரு வரியில் எழுதி வாங்குங்கள்.

பிடிஎம்_சங்கம்:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஒரு உறுப்பினர், இதெல்லாம் வேண்டாம், ஆன்லைனில் பூஸ்டர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர் ரேடியேஷன் பற்றிப் பயப்படுகிறார். வேலை முடிந்ததும் உண்மையில் முன்னேற்றம் வந்ததா என்று நாங்களே பார்க்க வழி உண்டா?

ஆர்எஃப்_அல்சூர்:
பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அனுமதியில்லாத ரிப்பீட்டர் (பூஸ்டர்) வைப்பது சட்டப்படி குற்றம். அது தன் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. ஒழுங்கான செக்டரில் அப்லிங்க் இரைச்சல் ஒரு ஆர்பிக்கு (அலைவரிசையின் ஒரு சிறு துண்டு) மைனஸ் 118 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அலகு) அருகே இருக்கும். பக்கத்தில் ஒரு மலிவு பூஸ்டர் ஓடினால் மைனஸ் 105-க்கு ஏறிவிடும். அப்புறம் உள்ளறையில் இருக்கும் யாருடைய போனும் டவருக்குக் கேட்காது. கால் போட்டால் அந்தப் பக்கம் குரல் போகாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பக்கத்து பிஜிகளில் ஏதாவது இருந்தால் அதையும் கம்பெனியிடம் சொல்லுங்கள், தேடிக் கண்டுபிடிக்கும் கருவி அவர்களிடம் உண்டு.

ரேடியேஷனுக்கு, இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் உங்கள் டவர் விவரம் இருக்கும். கட்டணம் கட்டினால் வந்து அளந்தும் காட்டுவார்கள். புது ரேடியோ வைத்தபின் அளக்கச் சொல்லி அந்த அறிக்கையை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், பேச்சு அடங்கும். கற்றை பக்கவாட்டில் போவதால் நேர் கீழே உள்ள வீட்டில் அளவு குறைவாகவே இருக்கும். கவனம் தேவைப்படுவது மாடியில்தான்: வாட்டர் டேங்க் சுத்தம் செய்ய வருபவர் ரேடியோவின் முகத்துக்கு நேரே நிற்காதபடி எல்லைக்கோடும் பலகையும் வைக்கச் சொல்லுங்கள்.

அளப்பதற்கு: ஆண்ட்ராய்டில் *#*#4636#*#* அடித்தால் ஆர்எஸ்ஆர்பி (வந்து சேரும் சிக்னலின் பலம்) தெரியும். சில போன்களில் எஸ்ஐஎன்ஆரும் வரும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலியில் வேகம் பாருங்கள். வேலைக்கு முந்தைய வாரமும் முடிந்து இரண்டு வாரம் கழித்தும், தரைத்தளம், நடு மாடி உள்ளறை, மேல் மாடி என மூன்று இடத்தில், காலை 7, இரவு 10 என இரண்டு நேரத்தில், அதே போன், அதே சிம், வைஃபை அணைத்து. டவுன்லோடு மட்டுமல்ல, அப்லோடும் பிங்கும் (பதில் வர ஆகும் நேரம்) எழுதுங்கள்.

படிக்கும் விதம் இப்படி. காலையில் வேகம், இரவில் மந்தம், சிக்னல் இரண்டு நேரமும் ஒன்றே என்றால் செக்டர் நெரிசல். 4ஜி, 5ஜி இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து மந்தமாகி பிங்கும் ஏறினால் மேலே நண்பர் சொன்ன பேக்ஹாலில், அதாவது டவரை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதையில், கோளாறு. டவுன்லோடு பிரமாதம், அப்லோடு மட்டும் அடிமட்டம் என்றால் அப்லிங்க் இரைச்சல், அல்லது தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த கனெக்டர். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 80 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் 5-க்குக் கீழே என்றால் பக்கத்து சைட்டின் செக்டர் எல்லை மீறி உங்கள் மேல் விழுகிறது, ஆண்டெனா சாய்வைத் திருத்த வேண்டும், அது ஆபீஸில் இருந்தபடியே செய்யக்கூடிய வேலை. "நெட் ஸ்லோ" என்று புகார் கொடுத்தால் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். இந்த எண்களோடு கொடுத்து டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்குங்கள், பதில் திருப்தி இல்லை என்றால் அதே நம்பரை வைத்து அவர்களுடைய மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள்.