ஜப்பானில் நண்பர்களோடு சிக்கனப் பயணம்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஜன்னல்சீட்டு:
உட்சுனோமியாவில் நிக்கோ வண்டிக்கு மாறினோம். ஜனவரிக் குளிர், நாலு பேர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய மாதிரி செய்ஷுன் 18 டிக்கெட் (சாதாரண ரயில்களில் நாள் முழுக்கச் சுற்றலாம், அந்தச் சலுகைச் சீட்டு). ஒருவன் மட்டும் சூடான காபி எடுக்க மெஷினுக்குப் போனான். அந்த லைனில் கதவு தானாகத் திறக்காது, பட்டனை அமுக்கணும். அவனுக்கு அது தெரியாது. மூடிய கதவு முன்னால் வந்து நின்றான். நாங்கள் உள்ளேயிருந்து பட்டனைக் காட்டிக் காட்டி விரலை ஆட்டுகிறோம். உங்களுக்கும் காபி வேணுமா என்று அவன் டின்னைத் தூக்கிக் காட்டுகிறான். நான் எழுந்து உள்பட்டனை எட்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

டிக்கெட்டும் பாக்கெட் வைஃபையும் எங்களிடம். அடுத்த ஸ்டேஷன் ட்சுருடாவில் இறங்கிக் காத்திருந்தோம். பின்னால் வந்த வண்டியில் ஆள் இல்லை. நாங்கள் திரும்பி வருவோம் என்று அங்கேயே நின்றிருக்கிறான்! நிக்கோ போய்ச் சேர்ந்தபோது தோஷோகு கோயிலில் உள்ளே விடும் நேரம் முடிந்திருந்தது. குளிர்காலத்தில் 3.30க்கு மேல் விடமாட்டார்கள்.

ரயில்பித்தன்:
இதைப் படித்துவிட்டு யாரும் ஒரே டிக்கெட்டில் நாலு பேர் கிளம்பிவிடாதீர்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2024 குளிர்கால விற்பனையிலிருந்து ஒரு டிக்கெட் ஒரு ஆளுக்குத்தான், அதுவும் விடாமல் தொடர்ந்து 3 நாள் (10,000 யென்) அல்லது 5 நாள் (12,050 யென்). முன்பு இதே 12,050க்கு ஐந்து முத்திரை, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்று என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். அப்புறம், உங்கள் நண்பர் செய்ததுதான் சரி. தனியாக விடுபட்டவன் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது.

தயிர்சாதம்:
நகராமல் நின்றால் கோயிலும் போச்சே அண்ணா! சரி, என் கதை. ஒசாகாவில் ராத்திரி சூப்பர் மார்க்கெட். விற்காமல் மிஞ்சிய சாப்பாட்டுக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுகிற கடைக்காரர் சுஷி வரிசைக்கு இன்னும் வரவில்லை. பத்து பேர் ஊறுகாய் பார்க்கிற மாதிரி நிற்கிறார்கள், ஒருவர் கண்ணும் ஊறுகாயில் இல்லை. என் தோழி ஒரு பெட்டியை எடுத்து நேராக அவரிடமே நீட்டிவிட்டாள். அவர் பெட்டியைப் பார்த்தார், குனிந்து வணங்கினார், பக்கத்து அலமாரிக்குப் போய்விட்டார். ஊறுகாய்க் கூட்டம் மொத்தமும் எங்களைப் பார்த்தது பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஷின்ஜுகுவில் கடைசி ரயிலை விட்டுவிட்டு, கரோக்கே அறை எடுத்து ஒரு பாட்டும் பாடாமல் தூங்கினோம். அதை விடுங்கள். கிளம்பப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸை யோசிக்காமல் வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் 29,650லிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோ-கியோட்டோ புல்லட் ரயிலில் போய்வரவே 30,000க்குள் முடிந்துவிடும். அதற்கும் மனசு வராதவர்கள் நைட் பஸ் பிடியுங்கள், ஒரு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம். வைஃபை ஒன்றே ஒன்று எடுத்து நாலு பேர் பங்கு போடாதீர்கள். ஆளுக்கொரு இ-சிம் போடுங்கள். குப்பைக்குத் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் தொட்டியே கண்ணில் படாது.

அரைத்தூக்கம்:
நைட் பஸ் மிச்சம் என்கிறவர்கள் யாரும் விடிகாலை ஆறு மணியைப் பற்றிப் பேசுவதில்லை. கியோட்டோவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ரூம் மூன்று மணிக்குத்தான். காமோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தோம். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் ஒரு பருந்து. இறக்கை காதில் உரசியதுதான் தெரியும், நண்பன் கையில் வெறும் பிளாஸ்டிக் உறை. அதற்கும் சேர்த்து அவனிடம் காசு வாங்கினோம் என்று இன்னும் வாட்ஸாப்பில் சண்டை பிடிக்கிறான்.